மூன்றாம் புத்தகத்தைக் காட்டிய ஐயாவுக்கு

அன்புள்ள சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும்,

நேற்று இரவு பதினொரு மணிக்குக் கூடலூர் வந்து சேர்ந்தோம். அப்பா அசந்து தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆனி மாதத்தில் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு அப்பா கேட்டது ஒன்றுதான். "நம்ம ஊரை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமா?" அந்த ஊர் எது என்று அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நேற்றுக் காலை அந்த ஊர்க் கிணற்றடியில் நின்றுவிட்டு வந்திருக்கிறோம்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கடிதம். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 1971ல் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளம்பியபோது அப்பாவுக்குப் பதினாறு வயது. எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்று சொல்லும் அந்த ரயிலில் தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு கூடலூர் தேயிலைக்கு வந்தார்கள். வழி முழுக்க ஒரு தகரப்பெட்டியை அப்பாயி மடியைவிட்டு இறக்கவில்லையாம். அப்பாயி எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட்டதே இல்லை. 1948ல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் அங்கே பிறந்தவர் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்டு என்றார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் அத்தாட்சிக்கு எங்கே போவார்கள்? காகிதம் இல்லாததால் நாடே இல்லாமல் போனதைக் கண்ணால் பார்த்தவர் அப்பாயி. அதனால்தான் அந்தக் கடிதமும் பிழைத்தது.

அது என் பூட்டனுக்கு, அதாவது அப்பாவின் தாத்தாவுக்கு, அவருடைய அண்ணன் ஊரிலிருந்து எழுதியது. புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. தேதி என்று பார்த்தால் 'பிரபவ வருஷம் தை மாசம்'. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை பிரபவ வரும். 1867லும் வந்தது, 1927லும் வந்தது. பாதி கிழிந்த தபால் தலையில் ஐந்தாம் ஜார்ஜின் முகம் இருந்ததால், 1928 ஜனவரியை ஒட்டி எழுதியது என்று தெரிந்துகொண்டோம். ஊர்ப் பெயர் மடிப்பில் தேய்ந்து 'பட்டி' மட்டும் மிஞ்சியிருந்தது. மேலே 'முசிறி தாலுகா' என்று இருந்ததால் தம்பி நேராக முசிறிப் பக்கம் போய் அலைந்தான். அங்கே ஒரு பதிவு அலுவலகத்தில் வில்லங்கம், அதாவது சொத்து கைமாறிய பதிவு, போட்டுப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. அப்படி ஒரு பெயரே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்துக் கொடுத்த தமிழாசிரியர்தான் அதில் 'பெருமாமலைக்கு நேர்ந்துகொண்டது' என்ற வரியைப் பிடித்தார். பெருமாமலை என்றால் பெருமாள்மலை, அது துறையூரை ஒட்டி இருக்கிறது, துறையூர் அந்தக் காலத்தில் முசிறி தாலுகாவில்தான் இருந்தது என்றார். சரி, துறையூருக்குப் போவோம் என்று கிளம்பினோம். டாக்டர் கொடுத்த அனுமதி நான்கே நாள்.

இந்தக் கடிதம் முக்கியமாக யாருக்கு என்றால், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு மனு எழுதும் அந்த ஐயாவுக்கு.

திங்கட்கிழமை மதியம் அவர் டிபன் கேரியரைத் திறந்து வைத்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அப்பா வெயிலில் நிற்பதைப் பார்த்ததும் அதை மூடி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, தன் நாற்காலியை அப்பாவுக்குப் போட்டார். நாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று கேட்கவில்லை. முதலில் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் கடிதத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கடைசியில் ஒரு வரி வரும். 'உன் பங்குக்கு எழுத்து வைக்காமல் நான் கண் மூட மாட்டேன்.' அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"வில்லங்கம் போட்டீங்களாம்மா?"

"போட்டோம் ஐயா, ஒண்ணும் வரல."

"வராது. எழுத்து வைக்கிறதுன்னா உயில். வில்லங்கத்துல வர்றது ஒண்ணாம் புத்தகம். உயிலைப் பதியறது மூணாம் புத்தகத்துல. அதுக்கு அட்டவணை தனி, எழுதி வச்சவங்க பேர்லதான் இருக்கும். ஊரு தெரியாட்டியும் பரவால்ல, பேரு தெரியுதுல்ல?"

எத்தனை மாதமாக நாங்கள் தவறான இடத்தில் தேடியிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. எங்களைப் போலத் தேடுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் கிடைக்கும். அவர் காலத்துக்குப் பிறகு யார் மனு செய்தாலும் கிடைக்கும். அந்தப் புத்தகத்தை நாமே புரட்ட முடியாது, அலுவலகத்தார்தான் தேடித் தருவார்கள். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல மனு தயாராகிவிட்டது. நான் நீட்டிய ரூபாய் நோட்டில் மனுவில் ஒட்டும் வில்லைக்கான காசை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை எண்ணி என் கையில் வைத்தார். எழுதுகூலி என்று ஒரு ரூபாய் வாங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நகல் கிடைத்தது. 1943ல் பதிந்த உயில். பழைய எழுத்து எங்களுக்குப் பிடிபடவில்லை. மரத்தடிக்கே எடுத்துக்கொண்டு ஓடினோம். அவர் மெல்லிய குரலில் படித்துக்கொண்டே வந்தார். ஊர்ப் பெயர் வந்தது, மேலக்காடு வந்தது, கமலைக் கிணறு வந்தது. அப்புறம் நிறுத்திவிட்டார். நான் பதறிப்போனேன். அவர் காகிதத்தை அப்பாவின் மடியில் வைத்து, ஒரு வரிக்குக் கீழே விரலை ஊன்றினார்.

"இந்த வரிய நீங்களே படிங்கய்யா. நான் படிக்கக் கூடாது."

அப்பா எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். 'கண்டிச்சீமைக்குப் போயிருக்கும் என் தம்பியாவது அவன் சந்ததியாராவது எக்காலத்தில் வந்தாலும் மேற்படி கிணற்றுத் தண்ணீரில் நாலில் ஒரு பங்கு பாத்தியம் உண்டு.' படித்து முடிக்கும்வரை அந்த விரல் அசையவே இல்லை. மையும் தேய்ந்த நகமுமாக அந்த விரல் இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஐயா, நீங்கள் கடகடவென்று படித்திருந்தாலும் எங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் அண்ணன் எழுதி வைத்த சொல்லைத் தம்பி பேரன்தான் வாயால் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்கு எந்தப் பிறவியில் நன்றி சொல்வேன்? இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள், அங்கே இருந்தபோது இந்தியாக்காரர்கள் என்றார்களாம். இரண்டு பக்கமும் வெளியாளாகவே வாழ்ந்த மனுஷன் அன்றைக்கு அந்த மரத்தடியில் வாய்விட்டு அழுதார்.

மற்றவர்களையும் நான் மறக்கவில்லை. தூசியோடு அட்டவணைகளைப் புரட்டிக் கொடுத்த அந்த இளம் ஊழியர், தோட்டத்துப் பிறப்புப் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டன் அத்தை, ரத்தம் கொடுத்த காலனிப் பிள்ளைகள், ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காக்கள், வண்டி எடுத்து வந்த தம்பியின் சிநேகிதன், எல்லோருக்கும் எங்கள் வீட்டின் கும்பிடு.

ஊரில் இருக்கும் பங்காளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உயில் நகலோடு நான்கு பேர் வாசலில் வந்து நின்றால் யாருக்கும் மனசு திக்கென்றுதான் இருக்கும். நிலமோ தண்ணீரோ நாங்கள் கேட்க வரவில்லை என்று அப்பா முதல் வார்த்தையாகச் சொன்னார். இனியும் கேட்க மாட்டோம். அவருக்குத் தம்பி முறையாகிறவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மோட்டார் ரூம் சாவியை எடுத்து வந்தார். குழாயில் தண்ணீர் பாய்ந்ததும் அப்பா இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார். சித்தி ஒரு சொம்பில் பிடித்து மூடி போட்டுக் கொடுத்தார். அது இப்போது அப்பாயி படத்துக்கு முன்னால் இருக்கிறது.

தை பிறந்ததும் இந்த நகலை எடுத்துக்கொண்டு அட்டன் போய் அத்தையிடம் கொடுக்கப் போகிறேன். அந்த வரியை அவரும் தன் வாயால் படிக்க வேண்டும். எங்கள் காலனியில் யார் வீட்டுப் பெட்டியில் பழைய கடிதம் இருந்தாலும் கொண்டு வாருங்கள். மனு எழுத நான் உட்காருகிறேன், காசு வாங்க மாட்டேன்.

அப்புறம் ஓர் உதவி. வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்கள் என்று சொல்லி அந்த ஐயா கவர் மேலே நம்பர் எழுதிக் கொடுத்தார். வழியில் மழையில் அது கரைந்துவிட்டது. பெயரும் கேட்காமல் வந்துவிட்டோம். துறையூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது அந்த வேப்பமரத்தடிக்குப் போய், சிலோன்காரர் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.