கண்காணிப்புக் கேமராக்களில் அசைவு கண்டறியும் ஏற்பாடு: பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எங்களிடம் ஒப்படைத்த வேலை முடிந்தது. வளாகத்தில் உள்ள 16 கேமராக்களிலும் ஆள் நடமாட்டமோ வண்டி நடமாட்டமோ தெரிந்தால், இப்போது காவலர் அறைத் திரையில் மணி அடிக்கும். அன்றைய முறைக்காரரான குழு உறுப்பினரின் கைபேசிக்கும் படம் போகும். சொன்ன நாளில் முடிக்கவில்லை என்று பலரும் கேட்டுவிட்டீர்கள், நியாயமான கேள்விதான். கேமராவை மாட்டுவதும் வயர் இழுப்பதும் ஒரு வாரத்தில் முடிந்தன. மீதி நாள் முழுக்க எதையெல்லாம் கண்டுகொள்ளக் கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே போனது. அதனால் இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே. வரவு செலவுக் கணக்கு தனியாக அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

இந்த வேலை ஏன் வந்தது என்பதைப் புதிய உறுப்பினர்களுக்காக ஒரு வரி. பின்பக்க நிறுத்தத்திலிருந்து ஒரு சைக்கிள் காணாமல் போனது. இரவு 10 மணிக்கு இருந்தது, காலை 6 மணிக்கு இல்லை. இரண்டு கேமராவில் எட்டெட்டு மணி நேரம், ஆக 16 மணி நேரப் பதிவை இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தோம். எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் 4 வினாடியில் கடந்து போகிற ஆள் அரை வினாடிதான் திரையில் இருப்பார். அந்த நேரத்தில் நாம் கொட்டாவி விட்டால் அவர் போய்விட்டார். படம் இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

முதலில், பதிவை வைக்க ஹார்ட் டிஸ்கில் எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கு. ஒரு கேமரா வினாடிக்கு 4 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்கு 43 ஜிபிக்கு மேல் வரும். 16 கேமராவுக்கு ஏறக்குறைய 690 ஜிபி, 30 நாளுக்கு 20 டிபிக்கும் மேல். அசைவு தெரியும்போது மட்டும் பதிந்தால் போதாதா என்று குழுவுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. ஏதாவது ஓர் அசைவைக் கேமரா கவனிக்கத் தவறினால் அந்த நேரத்தின் படமே இருக்காது என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. முடிவில் இரண்டையும் செய்தோம். ஒவ்வொரு கேமராவும் இரண்டு ஓட்டமாகப் படம் அனுப்புகிறது. சிறிய படம் வினாடிக்கு 512 கிலோபிட் வீதம் இரவு பகலாகப் பதிவாகிறது. அது நாளொன்றுக்கு ஐந்தரை ஜிபிதான். தெளிவான பெரிய படம், அசைவு தெரிந்ததற்கு 5 வினாடி முன்பிருந்து அசைவு நின்று 15 வினாடி வரை பதிவாகிறது. முன்பிருந்து எப்படி என்று ஒருவர் கேட்டார். கடைசி சில வினாடிகளைக் கருவி எப்போதும் நினைவகத்தில் வைத்தே இருக்கும். தேவைப்பட்டால் ஹார்ட் டிஸ்கில் எழுதும், இல்லாவிட்டால் விட்டுவிடும்.

நம்மிடம் ஏற்கனவே இருந்த 4 பழைய கேமராக்கள் வேறு கம்பெனியுடையவை. 2008-இல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஓன்விஃப் என்ற பொது விதிமுறை வழியாக அவற்றைப் புதிய பதிவுக் கருவியோடு இணைத்தோம். படம் உடனே வந்தது. அசைவுச் செய்தி மட்டும் வரவில்லை. படம் வந்தால் எல்லாம் வந்தது என்று நாங்கள் நினைத்தது தப்பு. அந்த நான்குக்கு மட்டும் அசைவைக் கேமரா பார்க்காமல் பதிவுக் கருவியே பார்க்கும்படி மாற்றியிருக்கிறோம்.

சரி, இனி முதல் இரவு. பொருத்த வந்தவர்கள் கம்பெனியில் வந்த செட்டிங்கை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இருட்டத் தொடங்கியதும் வெளியில் இருந்த கேமராக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறின. யாரும் உள்ளே வரவில்லை. வெளிச்சம் குறைந்தால் கேமரா தன் லென்சுக்குப் பின்னால் உள்ள அகச்சிவப்பு வடிகட்டியை 'டக்' என்று விலக்கிக்கொண்டு கறுப்பு வெள்ளைக்கு மாறும். அப்போது திரையில் ஒரு புள்ளி விடாமல் எல்லாம் மாறுகிறது. சாதாரண அசைவு கண்டறிதல் என்பது முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பதுதான். அதற்கு ஆளும் தெரியாது, அந்தியும் தெரியாது. திரும்புகிற வண்டியின் முகப்பு வெளிச்சம், மேகம் விலகி விழுகிற நிழல், காற்றில் ஆடும் கிளை எல்லாமே அதன் கணக்கில் அசைவு.

இரண்டாம் நாள் இரவு பின்சுவர்க் கேமரா நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் பார்த்தால் வெள்ளைக் கயிறு ஒன்று குறுக்கே ஊசலாடுகிறது. ஏணியைப் போட்டு ஏறிப் பார்த்தால் லென்சுக்கு நாலு விரற்கடை முன்னால் ஒற்றைச் சிலந்தி நூல். டார்ச் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகப் படவில்லை. ஆனால் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு அதன்மேல் அத்தனை அருகிலிருந்து அடிப்பதால் படத்தில் கயிறு போல் பளபளத்தது. துணியால் துடைத்தோம். மறுநாள் இரவு அதே இடத்தில் அதே நூல். விளக்கைத் தேடிப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடிச் சிலந்தி வருகிறது. அதை விரட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. கேமராவுக்குள் இருக்கும் விளக்கை அணைத்துவிட்டு, சற்றுத் தள்ளித் தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றைச் சுவரில் பொருத்தினோம். பூச்சியும் சிலந்தியும் அங்கே குடிபெயர்ந்துவிட்டன. இந்த வேலை முழுவதிலும் எங்களுக்கு அதிகத் திருப்தி தந்தது இதுதான் என்று சொல்வதில் வெட்கமில்லை.

மூன்றாம் நாள் காவலர் ஒலிபெருக்கியின் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார். சிலர் அவர்மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னீர்கள். நாங்கள் எடுக்கவில்லை. விடிய விடிய பொய் சொல்லும் மணியை யாராக இருந்தாலும் மூன்றாம் நாள் அமுக்கத்தான் செய்வார்கள். மணியைத்தான் திருத்த வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம்.

திருத்தியது இரண்டு கட்டமாக. ஒவ்வொரு கேமராவின் படத்திலும் கிளை, சாலை, வானம் ஆகியவற்றின்மேல் கட்டம் போட்டு, இங்கே பார்க்காதே என்று ஒதுக்கினோம். அப்புறம் எவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும் (சென்சிடிவிட்டி), படத்தில் எவ்வளவு பரப்பு மாறினால் அசைவு என்று கொள்ள வேண்டும் என்ற இரண்டையும் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்தோம். இருட்டில் படம் பொரிபொரியாக இருக்கும். அந்தப் பொரியே அசைவாகத் தெரியும் என்பதால் இரவில் சற்று மந்தமாக இருப்பது நல்லது.

அடுத்த கட்டம்தான் அடையாளம் காணும் மென்பொருள். அசைவு தெரிந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து அது ஆளா, வண்டியா என்று அது பார்க்கும். முழுப் படத்தையும் எந்நேரமும் அலசினால் கணினி தாங்காது. அதனால்தான் பழைய புள்ளிக் கணக்கை முன்னால் நிறுத்தி இதைப் பின்னால் வைத்திருக்கிறோம். நாம் போட்டிருப்பது கோகோ என்ற பொதுப் படத்தொகுப்பில் பழக்கப்பட்டது. அதில் ஆள், சைக்கிள், கார், பூனை, நாய் என்று 80 வகை உண்டு. ஆளும் வண்டியும் தவிர மற்றவற்றுக்கு மணி வேண்டாம் என்று வைத்துவிட்டோம். பூனை நடந்தாலும் மணி அடிக்கிற பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. ஆனால் இதுவும் தவறு செய்யும். மாடியில் காயப்போட்ட முழுக்கைச் சட்டை காற்றில் கை வீசியபோது அதை ஆள் என்றது. குடை பிடித்து வந்த நம் உறுப்பினர் ஒருவரை, மேலிருந்து பார்க்கும் கேமரா ஆள் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை.

பொய் மணி அடங்கியதும் எங்களுக்கு வேறு பயம் வந்தது: அடக்கிய அடக்கில் நிஜ மணியும் அடங்கிவிட்டதோ? ஒரு ஞாயிறு இரவு நாங்களே திருடர்களானோம். கறுப்புச் சட்டை போட்டு ஒவ்வொரு கேமரா முன்னும் குறுக்கே நடந்தோம், குனிந்து நடந்தோம், நேராகக் கேமராவை நோக்கி நடந்தோம். 7-ஆம் எண் கேமரா கடைசியில் சொன்ன நடையைக் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் வந்து கையாட்டிய பிறகுதான் விழித்தது. குறுக்கே போகிறவர் படத்தில் இடம் மாறிக்கொண்டே இருப்பார். நேரே வருகிறவர் வெகு நேரம் ஒரே இடத்தில் கொஞ்சங் கொஞ்சமாகப் பெருக்க மட்டுமே செய்வார். புள்ளிக் கணக்குக்கு அது பெரிய மாற்றமாகப் படாது. அந்தக் கேமராவைக் கழற்றி நடைபாதையைப் பக்கவாட்டில் பார்க்கும்படி எதிர்த் தூணில் மாட்டினோம். இரண்டு நாள் கூடுதலாக ஆனது. இடைவிடாத சிறிய படம் வேண்டும் என்று வாதாடியவர்கள் அன்று எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

முகம் தெரியுமா என்பது எல்லோரும் கேட்ட கேள்வி. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஈசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிர்ணயத்தின் 2014 பதிப்புப்படி, முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று சொல்ல, காட்டும் இடத்தின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் (படப் புள்ளி) வேண்டும். யாரோ இருக்கிறார் என்று அறிய 25 போதும். நம் புதிய கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். அதாவது 10 மீட்டர் அகலத்துக்கு மேல் காட்டினால் முகத்தை நம்ப முடியாது. வாசலில் 6 மீட்டர்தான் காட்டுகிறோம், அங்கே முகம் நன்றாகத் தெரியும். பின்பக்க நிறுத்தம் 40 மீட்டர். அங்கே மீட்டருக்கு 64 பிக்சல். என்ன உடை, எந்தப் பக்கம் போனார் என்பது தெரியும், யார் என்று தெரியாது. அந்தக் கேமராவின் வேலை மணி அடிப்பது மட்டும்தான்.

எதிர் வீட்டு ஜன்னல்களையும் நம் வீடுகளின் கதவுகளையும் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருக்கிறோம். அது பதிவிலேயே கறுப்பாக விழுகிறது, பிறகு யார் நினைத்தாலும் நீக்க முடியாது. ஒலி பதிவதில்லை. பதிவைப் பார்க்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், குழுவில் இருவர் உடனிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு யார் வந்தார் என்று அறிய இரண்டு பேர் கேட்டார்கள், மறுத்துவிட்டோம்.

கடவுச்சொல் விஷயமும் சொல்ல வேண்டியதே. எல்லாக் கேமராவிலும் கம்பெனிச் சொல்லே இருந்தது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களுக்குள் புகுந்துதான் ஒரு பெரும் படையையே திரட்டியது. அந்தப் படையின் தாக்குதலால் அந்த அக்டோபரில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. நம்முடையவற்றில் 16-க்கும் வெவ்வேறு சொல் வைத்தாகிவிட்டது. கேமராக்கள் தனி வலையில் இருக்கின்றன, வெளி இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாது. முன்பு இரண்டு கேமராக்களின் கடிகாரம் 4 நிமிடம் வித்தியாசம் காட்டியது. இப்போது எல்லாம் ஒரே நேரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கின்றன.

இன்னும் சரியாகாதவை: அடைமழையில் பொய் மணி வருகிறது. 11-ஆம் எண்ணுக்கு மாலை வெயில் நேரே முகத்தில் அடிப்பதால் அரை மணி நேரம் குருடு. அதற்கு நிழல் தகடு சொல்லியிருக்கிறோம். 5-ஆம் எண்ணுக்கு முன்னால் தொட்டியில் கொடி ஏற்றியிருப்பவர் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் உதவியாக இருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு இரவு 9 மணிக்கு நடைச் சோதனை தொடரும். அன்று உங்கள் ஜன்னலுக்குக் கீழே கறுப்புச் சட்டையில் யாராவது குனிந்து போவதைப் பார்த்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் நாங்கள்தான். காவலருக்கு மட்டும் ஒரு போன் போட்டுவிடுங்கள். மணி அடித்ததா என்று அவரிடம் கேட்டுச் சொன்னால் எங்களுக்கு ஒரு நடை மிச்சம்.

இப்படிக்கு,
செயற்குழுவுக்காக, கேமரா துணைக்குழு