மூட்டு மாற்றினால் முடக்குவாதம் போய்விடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

முழங்கால் மாற்று ஆபரேஷன் பற்றிப் போன வாரம் நீங்கள் போட்ட கட்டுரை முழுக்க வயசானவர்களின் தேய்மானத்தைப் பற்றித்தான் இருந்தது. முடக்குவாதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அது வேறு நோய் சார்.

என் அம்மா முக்கூடலில் சின்ன வயசிலிருந்து பீடி சுற்றியவள். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, இரண்டு முட்டும் வீங்கிக் கிடக்கும், தெருவே கூடி "சம்மணம் போட்டு உட்கார்ந்ததுதான் காரணம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, நாங்களும் நம்பி மூன்று வருஷம் எண்ணெயும் ஊசியுமாக ஓட்டிவிட்டோம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கி அரிக்கிற நோய் இது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொன்னபோது இரண்டு முட்டியும் போயிருந்தது. இதில் வலிக்கு இதமாக முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிட்டவனும் நான்தான். மடக்கியே கிடந்த கால் அப்புறம் நீட்ட வரவில்லை.

மூட்டு முழுக்க அரிபட்டிருந்ததால் பாதி மூட்டு மாற்றுவது சரிப்படாது, முழுசாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். சரி என்றோம். அப்புறம் கழுத்துக்கு எக்ஸ்ரே எழுதினார்கள். காலில் ஆபரேஷனுக்குக் கழுத்தை எதற்குப் படம் பிடிக்க வேண்டும், காசு பிடுங்கத்தானே என்று சண்டைக்கே போய்விட்டேன். இந்த நோய் மேல்கழுத்து எலும்புகளின் பிடிப்பையும் தளர்த்திவிடுமாம், மயக்கம் கொடுத்து மூச்சுக்குக் குழாய் போடக் கழுத்தை வளைக்கும்போது தண்டுவடம் நசுங்கிவிடக் கூடாதே என்று பார்ப்பார்களாம். வாயை மூடிக்கொண்டேன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் வாக்கரைப் பிடிக்கக் கை வேண்டுமே! "ஏல, காலு வந்துட்டு, கை வரலையே" என்றாள் அம்மா. முன்கையை ஊன்றிக்கொள்கிற மாதிரி ஒரு வாக்கர் தேடி வாங்கினோம்.

பெரிய தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. முட்டிதான் புதுசாகிவிட்டதே என்று இந்த நோயை அடக்கி வைக்க வாரம் ஒரு தடவை போடுகிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை அம்மா தானாகவே நிறுத்திவிட்டாள். இரண்டே மாதத்தில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. மாற்றியது முட்டியைத்தான், நோய் அப்படியே உடம்பில் இருக்கிறது என்பதை எங்களுக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை.

அடுத்த தடவை இதைப் பற்றி எழுதும்போது மாத்திரை விஷயத்தையும் கழுத்து எக்ஸ்ரேயையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், முக்கூடல்