அந்த 30 அடி ரோடு எங்க சார் இருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த வீடு மனை இணைப்புல எங்க தெருவுல வரப்போற அபார்ட்மெண்ட்டுக்கு கால் பக்க விளம்பரம் பாத்தேன். மடிப்பாக்கத்துல 48 ஃபிளாட், ஸ்டில்ட்டுக்கு (தூண் மட்டும் நிக்கற பார்க்கிங் தளம்) மேல அஞ்சு மாடி, "30 அடி சாலை, அமைதியான சூழல்"னு போட்டிருந்தீங்க. அமைதியான சூழல், சரி, அவங்க வர்ற வரைக்கும் இருந்துச்சு, அதை விடுங்க. அந்த 30 அடி சாலையைத்தான் நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்.

அன்னிக்கு காலைலயே தெரிஞ்ச மேஸ்திரி கிட்ட நீள டேப் ஒண்ணு இரவல் வாங்கிட்டு வந்து நானும் எதிர் வீட்டு டீச்சரம்மாவும் தெருவை அளந்தோம், காம்பவுண்டு சுவத்துல இருந்து எதிர் காம்பவுண்டு சுவரு வரைக்கும், கால்வாயையும் சேத்துதான். தெரு முனைல 24 அடி 3 இஞ்ச். டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட 22. நடுவுல பிள்ளையார் கோயில் தாண்டினா 27 வருது. முழுசா அளந்தும் 30ஐ தொட்ட இடம் ஒண்ணு கூட இல்ல. எங்க வீட்டு சுவரே ஒரு அடி வெளில நீட்டிட்டு இருக்குன்னு டேப் காட்டிக் குடுத்துடுச்சு, டீச்சரம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தா இடிச்சிடறேன், நாங்க ஒண்ணும் யோக்கியம்னு சொல்ல வரல.

இந்த அஞ்சாறு அடிக்கு ஏன் இவ்ளோ சண்டைன்னு கேப்பீங்க. விஷயமே அங்கதான் இருக்கு. முன்னாடி நம்ம ஊருல சாதாரண கட்டிடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதான் நிலத்தைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, ஒன்றரை, 2019ல வந்த கட்டிட விதிகள்ல அது ரெண்டாச்சு, அதாவது ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடின்னா 4,800 கட்டலாம். அதுக்கு மேலயும் வேணும்னா அரசாங்கத்துக்கு காசு கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கிக்கலாம், ஆனா ரோடு 9 மீட்டராவது இருக்கணும். 9ல இருந்து 12 மீட்டர் வரைக்கும் 30 சதவீதம் கூடுதலா கட்டலாம், 12ல இருந்து 18க்கு 40, அதுக்கு மேல 50. 9 மீட்டர்னா இருபத்தொம்பதரை அடி. எங்க தெரு டாக்குமெண்ட்ல 30 அடி, அதனால அரை அடி வித்தியாசத்துல பாஸ் பண்ணிடுது! நிலம் 8 கிரவுண்டு, 19,200 சதுர அடி. ரெண்டு மடங்குன்னா 38,400, பிரீமியத்தோட 49,920. ஆக இல்லாத ரோட்டைக் காட்டி 11,520 சதுர அடி கூடுதலா எழும்பப் போகுது, கிட்டத்தட்ட 11 ஃபிளாட்.

ஆர்டிஐ போட்டோம். "லேஅவுட் வரைபடத்தின்படி சாலை அகலம் 30 அடி"ன்னு ஒரு வரில பதில் வந்துச்சு. அது ஊராட்சி காலத்து வரைபடம், மாநகராட்சில சேந்ததே 2011லதான். ஆபீசுக்கே நேர்ல போய் மனு குடுத்து, வந்து அளந்து பாருங்க சார்னு கேட்டோம், அங்க இருந்த அதிகாரி பொறுமையாத்தான் பேசினாரு, "டாக்குமெண்ட்ல இருக்கறதைத்தான் சார் நாங்க பாக்க முடியும்"னாரு. அப்ப தெருவை யாரு பாக்கறது? "எல்லா அப்ரூவலும் இருக்கு, என்ன பயம்"னு பில்டர் ஆளு சொல்றாரு, 2014 ஜூன்ல 61 பேரை பலி வாங்கின மவுலிவாக்கம் கட்டிடத்துக்கும்தான் அப்ரூவல் இருந்துச்சு. இதுவும் இடிஞ்சு விழும்னு நான் சொல்லல, அப்ரூவல்ங்கற வார்த்தையை சொல்லி வாயை அடைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

தண்ணிக்கு வருவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்க கணக்கே இருக்கு. 48 வீடு, வீட்டுக்கு நாலு பேருன்னா 25,920 லிட்டர். எங்க தெருவுக்கு பாதாள சாக்கடை இன்னும் கனெக்ஷன் வரல, குடிதண்ணியும் பாதி நாள் லாரிதான். அப்ப தினம் 12,000 லிட்டர் லாரி ரெண்டு உள்ள வரணும், அதே தண்ணி கழிவா வெளில போக செப்டிக் டேங்க் லாரி வேற. இப்ப வர்ற லாரியே முனைல திரும்ப முடியாம ரிவர்ஸ்லதான் வருது, கிளீனர் பையன் பின்னாடி நின்னு "வா வா வா"ன்னு கத்திக்கிட்டே வருவான், போன மாசம் இபி பில்லர் பாக்ஸை இடிச்சு சாச்சு ராத்திரி பூரா கரண்ட் இல்ல. ஒரு தீயணைப்பு வண்டி வந்தா எப்படி திரும்பும்னு யாராவது யோசிச்சாங்களான்னு தெரியல. சைட்டுல இப்பவே ரெண்டு போர் போட்டு மோட்டார் ராத்திரி பகலா ஓடுது, எங்க போர்ல சிவப்பா மண் கலந்து வருது, வேஷ்டியெல்லாம் காவி கலர் ஆயிடுச்சு, சாமியார் மாதிரி சுத்திக்கிட்டு இருக்கேன்.

மழை பத்தி சென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2015லயும் 2023 மிக்ஜாம் அப்பவும் எங்க தெருவுக்கு படகுதான் வந்துச்சு. எங்க பக்கத்து தண்ணி போய் சேர்றது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு, 2022ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற பேரு, வாங்கின இடம். அதைச் சுத்தி 1 கிலோமீட்டருக்கு, ஆய்வு முடியற வரைக்கும் புதுசா கட்டிட அனுமதி குடுக்கக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பர்ல சொன்னப்ப, வீடு கட்ட மனை வாங்கி வச்சிருந்த நடுத்தர ஜனம் எல்லாம் கொதிச்சாங்க, அவங்க கஷ்டமும் நியாயம்தான். ஆனா எட்டு கிரவுண்டை மூணடி ஒசத்தி மண்ணைக் கொட்டினா அங்க நின்ன தண்ணி பக்கத்து வீட்டு ஹாலுக்குத்தானே வரும்?

ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லிடறேன். எங்க தெருவுல பால் ஊத்தற பெரியவரு இந்த ஊர்க்காரரு, மனுவுல கையெழுத்து போடுங்கன்னு கேட்டப்ப சிரிச்சாரு. "என்ன சாரு, நீங்க வந்தப்பவும் நாங்க இதேதான் சொன்னோம், வயலை ரொப்பி வீடு கட்றாங்கன்னு." எனக்கு பதில் வரல. அப்புறம் அவரே பேனாவை வாங்கி கையெழுத்து போட்டுட்டுப் போனாரு.

ஃபிளாட்டே கட்டக் கூடாதுன்னு நாங்க சொல்லல, நிலத்தை வித்தவங்களும் எங்க கூட முப்பது வருஷம் இருந்தவங்கதான், பசங்க வெளிநாட்டுல, அவங்களால தனியா இருக்க முடியல. இருக்கற ரோட்டை அளந்து அதுக்கு எவ்ளோ வருமோ அவ்ளோ கட்டட்டும். அதிகாரிங்க வர்ற மாதிரி தெரியல, அதனால அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்களாவது ஒரு நிருபரை அனுப்புங்க. விளம்பரம் போட்டது உங்க பேப்பர்தானே. காலைல 7 மணிக்குள்ள வரச் சொல்லுங்க, அப்புறம் லாரி வந்துட்டா டேப் பிடிக்க முடியாது. டேப்பை இன்னும் மேஸ்திரிக்கு திருப்பிக் குடுக்கல.

இப்படிக்கு,
மடிப்பாக்கம் வாசகர்