உயிர் காலேஜ் இருந்த பூங்காவுக்கு ஒரு நினைவுப் பலகை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஐம்பது வயதைத் தாண்டிய சென்னைக்காரர்களிடம் 'உயிர் காலேஜ்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு இரண்டையும் காட்டாமல் அனுப்பமாட்டார்கள்.

அந்த மிருகக்காட்சிசாலை இருந்த இடம்தான் பீப்பிள்ஸ் பார்க். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இன்றைய ஜார்ஜ் டவுனின் நெரிசலில் வாழ்ந்த மக்கள் காற்று வாங்கட்டும் என்று தொடங்கியது. 116 ஏக்கர். 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்கு உள்சாலைகள், பேண்டு வாத்திய மேடை. எழும்பூர் மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அங்கே வளர்க்கத் தொடங்கிய விலங்குகளும் அப்புறம் இங்கே வந்து சேர்ந்தன. கையில் காசில்லாத குடும்பமும் ஒரு சாயங்காலத்தைச் சந்தோஷமாகக் கழிக்க முடிந்த இடம் இது.

பிறகு விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் ரிப்பன் கட்டடம், அதன்பின் விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதுதான். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பூங்காவில் ஒரு துண்டு போனது. மிருகக்காட்சிசாலையும் ஊருக்கு வெளியே வண்டலூருக்குப் போனது; 1985இல் வண்டலூர் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டு மூர் மார்க்கெட்டும் எரிந்துபோனது. இன்று பச்சையாக மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா மட்டும். பார்க் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரில் உள்ள பார்க் எது என்று தெரியும்?

மை லேடீஸ் பூங்காவில் காலையில் நடக்க வரும் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். பழைய பூங்காவின் பெரிய வரைபடம் ஒன்றை வாசலருகே வைக்க வேண்டும்: குளங்கள் எங்கே, கூண்டுகள் எங்கே, மேடை எங்கே என்று இன்றைய கட்டடங்களோடு பொருத்திக் காட்டும் வரைபடம். அதனுடன் ஆறு சிறு பலகைகள். குழந்தைகள் எட்டிப் படிக்கும் உயரத்தில், தமிழில். மரங்களுக்கும் பெயர்ப்பலகை.

மொத்தச் செலவு ரூ. 3,40,000. எங்களுக்குள் திரட்டியது ரூ. 1,12,000. மாநகராட்சியிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். அனுமதி வந்த பிறகுதான் வேலை தொடங்கும். வராவிட்டால் ரசீதைக் காட்டி முழுத் தொகையையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். மரத்துக்கு வைக்கும் பெயர்ப்பலகை ஒன்றுக்கு ரூ. 1,500 ஆகும். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு, கணக்கேட்டில் உங்கள் பெயரும் இருக்கும். பலகைகளில் நன்கொடையாளர் பெயர் எதையும் போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். அந்த இடம் பூங்காவின் கதைக்கே போதாது.

பணத்தைவிட அரிதான இன்னொன்றும் கேட்கிறோம். வீட்டுப் பரணில், பழைய ஆல்பத்தில், யானைக்குப் பக்கத்திலோ கூண்டுக்கு முன்னாலோ நின்று எடுத்த படம் இருந்தால் தாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம். தாத்தா பாட்டிக்கு நினைவிருந்தால் நாங்களே வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

ஞாயிறு காலை 6 முதல் 8 மணி வரை பூங்கா வாசலில் ரசீதுப் புத்தகத்துடன் இருப்போம்.

இப்படிக்கு,
பூங்கா நடைப்பயிற்சியாளர் குழு