நடுவரின் மனத்தைப் படிப்பவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சி அரங்கில் அமர்ந்து கேலிக் கால்பந்தை அலசும் உங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அயர்லாந்துக்குக் குடிவந்த புதிதில், பந்தைக் கையாலும் பிடிக்கிறார்கள், காலாலும் உதைக்கிறார்கள், கம்பத்துக்கு மேலே போனாலும் கைதட்டுகிறார்கள், இது என்ன ஆட்டம் என்று திகைத்து நின்ற எனக்கு, அதன் நுட்பங்களைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர். ஆகவே இதை ஒரு பழைய மாணவனின் கடிதமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. நான் குறைகூறப்போகும் பழக்கம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. இது தமிழில் இருப்பதால் உங்கள் கண்ணில் படாமலே போகலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விதி அனுமதிக்கும் நான்கு காலடிகளுக்கு மேல் ஓடினார் என்று ஒரு வீரருக்கு எதிராக நடுவர் விசில் ஊதினார். அது தவறான முடிவு என்று நீங்கள் சொன்னீர்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தொடர்ந்து, அந்த நடுவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே யார் தோற்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார் என்றும் சொன்னீர்கள். பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் என் வீட்டு நாற்காலியில் இருந்தபடி சிரித்தேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு அருகதை இல்லை.

அடுத்த புதன்கிழமை மாலை, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆடும் ஆட்டம் ஒன்றில் என் மகள் ஆடினாள். விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்தவனுக்குப் பதினாறு வயதுக்கு மேல் இருக்காது. இரண்டாவது பாதியில் அவன் ஒரு ஃப்ரீ, அதாவது தவறிழைத்த அணிக்கு எதிரான தனி உதை, கொடுத்தபோது, கம்பி வேலியோரம் நின்ற ஒரு தகப்பனார், நீங்கள் ஞாயிறன்று சொன்ன அதே வாக்கியத்தை, ஏறத்தாழ அதே ஏற்ற இறக்கத்தோடு, அவனைப் பார்த்துக் கத்தினார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டு வந்தாயா என்று கேட்டார். பையன் முகம் சிவந்து திரும்பிக்கொண்டான். அதன் பிறகு அந்த ஆட்டத்தில் அவன் எதற்குமே விசில் ஊதத் துணியவில்லை. கடைசிப் பத்து நிமிடங்களில் குழந்தைகள் ஒருவரையொருவர் பிடித்திழுத்து விழுத்தாட்டியதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

நடுவர்களை விமர்சிக்கவே கூடாது என்று நான் வாதாடவில்லை. ஒரு கவுண்டியின், அதாவது ஒரு மாவட்டத்து அணியின், பதினைந்து வீரர்கள், சம்பளம் ஏதுமின்றி, குளிர்காலம் முழுவதும் இருட்டில் பயிற்சி செய்து வரும்போது, அவர்களுடைய ஒரு வருட உழைப்பை ஒரு தவறான விசில் வீணாக்கிவிடுமானால், அதைச் சொல்ல வேண்டியது ஊடகத்தின் கடமை. ஆனால் தவறு என்று சொல்வது வேறு, வஞ்சகம் என்று சொல்வது வேறு. முதலாவதைப் படத்தைப் போட்டுக் காட்டி நிரூபிக்கலாம். இரண்டாவதை நிரூபிக்க எந்தக் கேமராவும் இல்லை. எங்கள் மொழியில் நடுவர் என்ற சொல்லுக்கே நடுவில் நிற்பவர் என்றுதான் பொருள். உங்கள் ஐரிஷ் மொழியிலோ அவர் ‘ரேச்சோர்’, சிக்கலைத் தீர்த்து வைப்பவர். அவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்று சொல்லும்போது அவருடைய முடிவை மட்டுமல்ல, அந்தப் பெயரையே அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

2019ஆம் ஆண்டு அகில அயர்லாந்து இறுதிப் போட்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கோப்பையை வெல்லும் முனைப்பில் டப்ளின், எதிரே கெர்ரி. நடுவராக மீத் கவுண்டியைச் சேர்ந்த டேவிட் கோஃப் அறிவிக்கப்பட்டவுடன், அவர் டப்ளினில் வசிக்கிறார், டப்ளினில் வேலை பார்க்கிறார், ஆகவே அவரை நியமித்தது சரியா என்ற கேள்வி கெர்ரித் தரப்பிலிருந்து கிளம்பி நாளிதழ்களில் நாள்கணக்கில் ஓடியது. அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் ஒரு பழைய காயமும் இருந்தது. 2016 அரையிறுதியில் இதே இரண்டு அணிகள் மோதியபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் டப்ளினின் கெவின் மெக்மேனமன் கெர்ரியின் பீட்டர் குரோலி மீது மோதினார். கோஃப் அதற்கு ஃப்ரீ கொடுக்கவில்லை. டப்ளின் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அது தம்முடைய தவறுதான் என்று பின்னாளில் கோஃபே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இறுதிப் போட்டியின் முதல் பாதியில், கெர்ரியின் டேவிட் கிளிஃபர்டைத் தடுக்கப்போன டப்ளினின் ஜானி கூப்பர் இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். உடனே இடைவேளையில், நாட்டின் பொதுத் தொலைக்காட்சியில், உங்கள் சக விமர்சகர் ஒருவர், கெர்ரிக்காரர்களின் பிரசாரம் நடுவரைப் பாதித்துவிட்டது என்று அறிவித்தார். ஐயா, இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். முந்தைய வாரம் டப்ளின் பக்கம் சாய்வார் என்று பழிக்கப்பட்ட மனிதர், அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பாதி முடிவதற்குள் கெர்ரி பக்கம் சாய்ந்தவர் ஆகிவிட்டார். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டையும் சொன்னவர்கள் யாரும், அவர் கண்ணுக்குத் தெரிந்ததை அவர் ஊதினார் என்ற மூன்றாவது சாத்தியத்தை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கூப்பர் அன்று கிளிஃபர்டோடு பட்ட பாட்டைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த இரண்டாவது அட்டையில் எனக்குப் பெரிய வியப்பு இல்லை. ஆட்டம் இரு அணிகளுக்கும் 1-16, அதாவது ஒரு கோலும் பதினாறு புள்ளிகளும் (கோல் ஒன்று மூன்று புள்ளிகளுக்குச் சமம்) என்று சமனில் முடிந்தது. மறு ஆட்டத்துக்கான விமர்சகர் குழுவில் அந்த விமர்சகர் இடம்பெறவில்லை. டப்ளின் வென்று ஐந்தாவது கோப்பையைத் தூக்கியது.

இதில் என்னை உறுத்துவது, பேச வாய்ப்பிருக்கும் பக்கமும் இல்லாத பக்கமும்தான். ஆட்டம் முடிந்ததும் இரு மேலாளர்களும் ஒலிவாங்கி முன் வருகிறார்கள். வீரர்கள் வருகிறார்கள். நீங்கள் ஊதியம் பெற்று இரவு வரை பேசுகிறீர்கள். திங்களன்று பத்தியும் எழுதுகிறீர்கள். சில நாளிதழ்கள் பள்ளித் தேர்வைப் போல நடுவருக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போடுகின்றன. நடுவர் மட்டும் அன்று மாலை வாய் திறக்காமல், பயணச் செலவுக்கான படிவத்தை நிரப்பிக்கொடுத்துவிட்டு, தம் நண்பர்களான கோல் நடுவர்கள் நால்வரோடு காரில் ஏறி வீட்டுக்குப் போகிறார். வெள்ளை மேலங்கி அணிந்து கோல் கம்பத்தருகே நிற்கும் அந்த நால்வரும் பெரும்பாலும் அவருடைய கிளப்பையோ குடும்பத்தையோ சேர்ந்தவர்கள் என்பதும், காரில் ஏறியவுடன் அவர்கள் வானொலியில் உங்கள் குரலைத்தான் கேட்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாதது அல்ல. இந்த மௌனத்தில், ஆட்டத்தை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கத்துக்கும் பங்கு உண்டு. ஒரு முடிவின் காரணத்தை நடுவரே இரண்டு வாக்கியங்களில் சொல்ல இடமளித்தால் பாதி வதந்தி பிறக்காது என்பது என் எண்ணம்.

விமர்சனம் தவறான ஆளின் மீது விழுவதற்கு 2010 லென்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியவில்லை. 1957க்குப் பிறகு அந்தப் பட்டத்தையே காணாத லௌத் கவுண்டி, டப்ளினின் க்ரோக் பார்க் திடலில் மீத் அணியைவிட ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. ஆட்ட முடிவில் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களும் ஓடி முடியப்போகும் வேளையில், மீத் வீரர் ஜோ ஷெரிடன் பந்தைக் கையில் வைத்தபடியே கோட்டைத் தாண்டி விழுந்தார். விதிப்படி அது கோல் ஆகாது. டைரோனைச் சேர்ந்த நடுவர் மார்ட்டின் ஸ்லடன் கோல் என்றார். 1-12க்கு 1-10 என்று ஆட்டம் முடிந்தது. திடலுக்குள் இறங்கிய ரசிகர்கள் சிலர் அவரைத் தள்ளி, துரத்தி, தாக்கினார்கள். காவலர்கள் பாதுகாப்பில்தான் அவர் வெளியேற முடிந்தது.

பிறகு நடந்ததைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். தாம் செய்தது தவறு என்று ஸ்லடன் ஒப்புக்கொண்டார். ஆனாலும் மறு ஆட்டம் நடத்தச் சங்கத்தின் விதியில் வழி இல்லை என்றார்கள். முடிவு மீத் அணியின் பெருந்தன்மைக்கு விடப்பட்டது. மீத் மறு ஆட்டம் தர முன்வரவில்லை, கோப்பை அவர்களிடமே தங்கியது. ஆக, தவறை ஒப்புக்கொண்ட ஒரே தரப்பு நடுவர். திருத்த வழியே வைத்துக்கொள்ளாத சங்கமும், திருத்த வாய்ப்பிருந்தும் திருத்தாத அணியும் தப்பித்துக்கொள்ள, அன்றைய படங்களிலும் தலைப்புகளிலும் நிலைத்துவிட்டது அவர் முகம்தான். 2025 மே மாதத்தில், அதே மீத் அணியைத் தோற்கடித்து, 68 ஆண்டுகளுக்குப் பிறகு லௌத் பட்டம் வென்றபோது நான் மகிழ்ந்தேன். ஆனால் அந்த வெற்றியைப் பற்றிய பேச்சிலும் 2010 கூடவே வந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அந்த ஒரு நொடிக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

இயந்திரம் தவறும்போது நாம் எவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்கிறோம் என்பதையும் பாருங்கள். க்ரோக் பார்க்கில் 2013 முதல் ஹாக்-ஐ என்ற கருவி, பந்து கம்பங்களுக்கு இடையே சென்றதா என்று தீர்ப்பளிக்கிறது. 2022இல் கால்வேக்கும் டெர்ரிக்கும் இடையே நடந்த அரையிறுதியில், ஷேன் வால்ஷ் அடித்த நல்ல புள்ளி ஒன்றை அது இல்லை என்று அறிவித்துவிட்டது. இடைவேளையின்போது பிழை கண்டுபிடிக்கப்பட்டுப் புள்ளி திரும்பச் சேர்க்கப்பட்டது. கோபம் இருந்தது, கேலியும் இருந்தது. ஆனால் அந்தக் கருவிக்கு எந்த ஊர், அது எங்கே வேலை பார்க்கிறது, வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டு வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நடுவரின் வேலை எளிதாகிவிட்டது என்றும் சிலர் சொல்கிறார்கள். ஜிம் கேவின் தலைமையிலான குழு கொண்டுவந்து 2025 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில், ஓர் அணியில் தலைவர் மட்டுமே நடுவரிடம் விளக்கம் கேட்கலாம் என்றும், எதிர்த்துப் பேசினால் பந்து ஐம்பது மீட்டர் முன்னே நகர்த்தப்படும் என்றும் இருக்கிறது. நல்ல விதி. வீரர்கள் கைகளை வீசிக்கொண்டு நடுவரைச் சூழ்ந்துகொள்ளும் காட்சி வெகுவாகக் குறைந்திருப்பதை நானே பார்க்கிறேன். அதே சமயம், நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி, நடுக்கோட்டின் இருபுறமும் ஒவ்வோர் அணியிலும் எப்போதும் குறைந்தது மூவர் நிற்க வேண்டும் என்று கவனிக்க வேண்டியவையும் பெருகியிருக்கின்றன. திடலுக்குள் நாக்கை அடக்க விதி வந்துவிட்டது, தொலைக்காட்சி அரங்கில் யாரையும் ஐம்பது மீட்டர் பின்னுக்குத் தள்ள முடிவதில்லை என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது.

வேடிக்கை அல்லாத செய்தி ஒன்றும் உண்டு. 2022 ஆகஸ்டில் ரோஸ்காமனில் இளையோர் ஆட்டம் ஒன்றின்போது நடுவர் தாக்கப்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், நடுவர்களை மதிப்போம் என்று ஒரு வார இறுதி முழுவதையும் சங்கம் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த அடிக்கு உங்கள் பேச்சுதான் காரணம் என்று சொன்னால் நானும் உங்களைப் போல மனத்தைப் படிக்கிறவன் ஆகிவிடுவேன். அடித்தவரின் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தப் புதன்கிழமை கம்பி வேலியோரம் என் காதில் விழுந்த வாக்கியம் மட்டுமே. அதை முதலில் சொன்னது யார் என்பதும் தெரியும், கேட்டுச் சிரித்தது யார் என்பதும் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனிடம் போய் நன்றி சொன்னேன். அவன் தலையை மட்டும் அசைத்துவிட்டு, மூலைக் கொடிகளைப் பிடுங்கி எடுக்கப் போய்விட்டான்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சென்ற மாத ஆட்டத்தில் நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியது, கோலுக்குப் பின்னால் உயரத்தில் இருந்த கேமராவின் படம். அதை வேகம் குறைத்து ஓட்டி, அடிகளை எண்ணிக் காட்டினீர்கள். நான் வீட்டில் அதே படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு முறை நான்கு என்று வந்தது, ஒரு முறை ஐந்து. நடுவர் நின்றதோ அந்த வீரரின் முதுகுக்குப் பின்னால், ஏறத்தாழ பதினைந்து மீட்டர் தள்ளி, இடையில் மூன்று தடுப்பாட்டக்காரர்கள். அடுத்த முறை இப்படி ஒரு முடிவை அலசும்போது, அவர் நின்ற பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தால், வேகத்தைக் குறைக்காமல், ஒரே ஒரு முறை, அதையும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நேயர்களில் ஒருவன்