ஞாயிறு மாலை உலகக் கோப்பை ஆட்டம் பார்க்கலாம்

வணக்கம். ஞாயிறு மாலை 6.30க்கு நம் மண்டபம் மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, 2025 ஜூலையில் செக் குடியரசின் பிர்னோவில் நடந்த 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கூடைப்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் போடுகிறோம். 16 அணிகள் ஆடின. ஆஸ்திரேலியாவை வென்று அமெரிக்கா கோப்பையை எடுத்தது.

பிள்ளைகளா, பந்து கையில் இல்லாத பெண் எங்கே ஓடுகிறாள் என்று மட்டும் கவனியுங்கள். பந்து நம் அணியின் கைக்கு வந்த 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும், நாம் தடுமாறுவது அங்கேதான். அம்மாக்களும் அவசியம் வாருங்கள், மகள் ஆடுவது என்னவென்று தெரியும்.

அப்புறம், உப்புக்காற்றில் வளையம் மறுபடி துருப்பிடித்துவிட்டது, வலை இரண்டு கொக்கியில்தான் தொங்குகிறது. வள்ளத்துக்கு அடித்த பெயின்ட் மிச்சமிருந்தால் கொண்டு வாருங்கள். உட்காரப் பாயும் வேண்டும்.