ரெசிடெண்ட் உத்தரவின் சான்று நகல் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: பழைய கண்டோன்மென்ட் குடியிருப்போர், அல்சூர் – மர்பி டவுன் பகுதி, பெங்களூரு

பெறுநர்: உயர்திரு பதிவறை அலுவலர் அவர்கள், பெங்களூரு

பொருள்: சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் (பிரிட்டிஷார் ஆண்ட பெங்களூரு கண்டோன்மென்ட்) காலத்து மனை மீட்பு உத்தரவு, அதன் முழுக் கோப்பு – சான்று நகல் வேண்டுதல்.

பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள் (தபால் பிரிவு முத்திரையுடன், இணைப்பு 1).

ஐயா,

வணக்கம். இதன் கன்னடப் பிரதியை மேலே வைத்துள்ளோம். இது குடியிருப்போர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட தமிழ்ப் பிரதி. கோப்பில் இதுவும் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தாங்கள் இந்தப் பகுதிக்குப் புதியவர் அல்ல. ஏரிக்கரையிலிருந்து மர்பி டவுன் சந்தை வரை எந்தச் சந்து பழைய ஸ்டேஷன் எல்லைக்குள் வரும், எது வெளியே நிற்கும் என்பது எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. 1881-ல் மைசூர் ராஜ்யம் மகாராஜா கைக்குத் திரும்பியபோதும் ஸ்டேஷன் திரும்பவில்லை. 1947 வரை ரெசிடெண்ட், அதாவது மைசூரில் இருந்த பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி, அவருடைய ஆட்சிதான். அவருடைய ஓர் உத்தரவின்படி எங்கள் வரிசை மனைகளின் கிராண்ட் (அரசு மனை கொடுத்த உரிமை) மீட்கப்பட்டதாக, அதாவது அரசு திரும்ப எடுத்துக்கொண்டதாகச் சொத்துப் பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் காட்டித்தான் கத்தா (நகராட்சிக் கணக்கில் சொத்துக்கு உரியவர் பெயர்ப் பதிவு) மறுக்கிறார்கள். கத்தா இல்லையென்றால் இ-கத்தா இல்லை, இ-கத்தா இல்லையென்றால் பத்திரப் பதிவு இல்லை.

2. அந்த வரியில் இருப்பது "ரெஸ்யூம்டு" என்ற சொல்லும் உத்தரவு எண்ணும் மட்டுமே. மீட்டது மனை முழுவதையுமா, சாக்கடைக்காகப் பின்பக்கத்து ஒரு பட்டையை மட்டுமா? கட்டடத்துக்கு ஈட்டுத்தொகை நிர்ணயித்தார்களா, கொடுத்தார்களா? முன்னறிவிப்பு யார் கையில் சேர்ந்தது? மனைக்காரர்கள் மெமோரியல் (மேலிடத்துக்கு முறையீட்டு மனு) கொடுத்தார்களா? இவ்வளவுக்கும் பதில் கோப்புக்குள் இருக்கிறது. உத்தரவுத் தாள் ஒன்றை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்தால் போதாது. குறிப்புப் பக்கங்கள், வரைபடம், பணம் பெற்ற ரசீது, எல்லாம் சேர்ந்தால்தான் அது கோப்பு.

3. "அது அரசர் காலத்து உத்தரவு, லண்டனில் போய்க் கேளுங்கள்" என்று கவுண்டரில் சொல்கிறார்கள். பணிவுடன் சொல்கிறோம், இது சரியில்லை.

அந்தக் காலத்தில் ரெசிடெண்ட் முடிவை எதிர்த்து மேலே போக வழி இருந்தது. மெமோரியலை அந்த ரெசிடெண்ட் வழியாகவே கவர்னர் ஜெனரலுக்கும், அங்கிருந்து லண்டனில் இந்தியா மந்திரிக்கும் (இந்தியாவைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர்) அனுப்ப வேண்டும். யார்மீது புகாரோ அவர் கையிலேயே மனு! 1937-க்குப் பிறகு கவர்னர் ஜெனரலின் இடத்தில், சமஸ்தான விஷயங்களில் அரசரின் பிரதிநிதியான கிரௌன் ரெப்ரசென்டேட்டிவ் வந்தார். 1947-ஆம் ஆண்டு இந்திய சுதந்திரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இந்தியப் பொறுப்புகளுக்காக இந்தியா மந்திரிமேல் வழக்குப் போடும் வழியை மூடியது. லண்டனில் கடைசி அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி 1949 அக்டோபர் 10-ல் மூடியது. இன்று அரசர் வாசலில் தட்ட ஒன்றுமில்லை. ஸ்டேஷன் மைசூரிடம் வந்தது, மைசூரின் உரிமையும் கடனும் அரசியல் சாசனத்தின் 295, 300-ஆம் பிரிவுகள் வழியாக இன்றைய அரசிடம் வந்தன. நிலத்தை வாங்கிக்கொண்டவர்கள் நிலத்தின் காகிதத்தை மட்டும் லண்டனுக்கு அனுப்புவது என்ன நியாயம்?

லண்டனில் ஒரு பிரதி கிடைத்தாலும், அங்குள்ள காப்பாளர் சான்று தர வேண்டும், அதன்மேல் நோட்டரியோ இந்தியத் தூதரக அதிகாரியோ இன்னொரு சான்று தர வேண்டும். டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடியது மேலே போன மெமோரியலின் தடம் மட்டும். மூலக் கோப்பு கீழ் அலுவலகத்தில்தான் இருக்கும்.

"ஆக்ட் ஆஃப் ஸ்டேட் (நீதிமன்றம் விசாரிக்க முடியாத அரசின் ஆட்சிச் செயல்), கேள்வியே கேட்க முடியாது" என்று இன்னொருவர் சொன்னார். தஞ்சாவூர் ராணி காமாட்சி பாய் வழக்கை நாங்களும் அறிவோம். 1855-ல் ராஜா ஆண் வாரிசின்றி இறந்தபின் கம்பெனி சொத்தை எடுத்துக்கொண்டது. அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ராணி ஜெயித்தார், 1859-ல் பிரிவி கவுன்சில் அதைக் கவிழ்த்தது. அது ஒரு ராஜ்யத்தைப் பிடித்த கதை. எங்களுடையது கிராண்ட் நிபந்தனைப்படி மீட்டதாகச் சொல்லும் வீட்டுமனை. இரண்டும் ஒன்றா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லட்டும், அதற்கும் கோப்பு வேண்டுமே.

4. "கோப்பு கிடைக்கவில்லை" என்று மூன்று முறை ஹிம்பரஹ (எழுத்துப் பதில்) கொடுத்தீர்கள். எங்கே தேடினார்கள் என்று ஒன்றிலும் இல்லை. தேட வேண்டிய முறையை நாங்களே எழுதுகிறோம், மன்னிக்கவும்:

அ) பெயர் எழுத்துக்கூட்டல். அல்சூர் என்பது ஹலசூர், உல்சூர் என்றெல்லாம் இருக்கும். மர்பி டவுனுக்குப் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. முதலியார் என்ற ஒரு சொல்லுக்கே ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்துக்கூட்டல் உண்டு. ஒன்றைத் தட்டிப் பார்த்துக் கணினியில் இல்லை என்று எழுந்துவிட்டால் கிடைக்காதுதான்.

ஆ) உத்தரவு பிறந்த ஆண்டிலேயே கோப்பு இருக்க வேண்டியதில்லை. பின்னால் வந்த மெமோரியலோடு சேர்த்துக் கட்டியிருந்தால் அந்தப் பிந்தைய ஆண்டின் பஸ்தாவில் (துணியில் கட்டிய கோப்புக் கட்டு) இருக்கும். தபால் வரவுப் பதிவேட்டில் எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் இன்னொரு எண் இருந்தால், கோப்பு அங்கே போயிருக்கிறது என்று பொருள்.

இ) பஸ்தாவைப் பிரிக்கும்போது நாடாவை அறுக்க வேண்டாம். பழைய இரும்பு மை எழுத்திருக்கும் இடத்திலேயே தாளை அரித்து ஓட்டை போட்டுவிடும், மடிப்பில் தொட்டால் உதிரும். ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அழுத்தாமல், மேலிருந்து படம் எடுத்து அச்சிட்டால் போதும். செலவு எங்களுடையது.

ஈ) உண்மையிலேயே அழித்திருந்தால் அழிப்புப் பதிவேட்டில் தேதியும் கையெழுத்தும் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்றால் எப்படி ஐயா?

5. எங்களை அதிகம் அறுப்பது இதுதான். கத்தா மறுத்த நாளிலிருந்து, உரிமை கோரும் வழக்குக்கு மூன்று ஆண்டுதான் கெடு. அதற்குள் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தைக் கெடுவில் கணக்கிட மாட்டார்கள். தங்கள் அலுவலகப் படியில் போன மாதங்களையோ கணக்கிட்டுவிடுவார்கள்! நோட்டீஸில் எந்த உத்தரவு, அதில் என்ன பிழை என்று எழுத வேண்டும். பார்க்காத உத்தரவில் பிழை எழுதுவது எப்படி? தாள் வராமல் நோட்டீஸ் இல்லை, நோட்டீஸ் இல்லாமல் வழக்கு இல்லை, கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கெடு முடிந்த மறுநாள் கோப்பு தானாகக் கிடைத்துவிடும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படி நினைக்க எங்களுக்கு மனம் வரவில்லை, ஆனால் நினைக்க வைக்கிறீர்கள்.

6. தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்டோம், 150 சொல்லுக்குள், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டருடன். 30 நாள் போய் வெகு நாளாயிற்று.

7. நகல் தருவது தயவு அல்ல. பாரதீய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 75-ஆம் பிரிவின்படி எங்கள் உரிமை. கட்டணம் கட்டத் தயார்.

ஆகவே ஐயா, மீண்டும் பணிவோடு கேட்கிறோம்: முழுக் கோப்பின் சான்று நகல் கொடுங்கள். ஒவ்வொரு நகலின் அடியிலும் தேதி, அலுவலர் பெயர், பதவி, முத்திரை இருக்கட்டும். கோப்பு இல்லையென்றால் எந்தப் பதிவேடு, எந்தப் பஸ்தா, எந்த நாள், யார் தேடினார் என்று எழுத்தில் கொடுங்கள். அந்தத் தாளை வைத்தாவது நீதிமன்றத்தில் ஏறுவோம். தேடும் நாளில் எங்களில் இருவரை உள்ளே நிற்க அனுமதித்தால் பழைய பெயர்களை அடையாளம் காட்ட உதவுவோம். லண்டன் என்று மட்டும் இன்னொரு முறை சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
கீழே கையெழுத்தும் கைநாட்டும் இட்டுள்ள குடியிருப்போர்

இணைப்பு: 1. முந்தைய மனுக்கள், ஹிம்பரஹ நகல்கள். 2. சொத்துப் பதிவேட்டுப் பக்கம் (உத்தரவு எண் அடிக்கோடிட்டது). 3. கத்தா மறுப்பு ஆணை.